தலைச்சன் பிள்ளைக்கு வாங்கியதும் வாங்காமல் விட்டதும்

எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. கடந்த நான்கு மாதங்களாகக் கோவையிலும் திருப்பூரிலும் கடை கடையாக ஏறி இறங்கியும், சிலவற்றை இணையத்தில் வரவழைத்தும், சூழலுக்கு உகந்தவை என்று சொல்லி விற்கப்படும் குழந்தைப் பொருள்களைத் தொட்டும் துவைத்தும் எடைபோட்டும் பார்த்திருக்கிறேன். எங்கள் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஆனால் என் அக்காவின் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது என்பதால், வாங்கியவற்றில் பெரும்பாலானவற்றை அந்த வீட்டில் சில வாரங்கள் புழங்கவிட்டு, அக்கா சொன்ன குறைநிறைகளைக் குறித்துக்கொண்டேன். முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று என் அனுபவத்தில் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

இதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. என் அம்மா பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்கு அருகில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அந்த அணையில், சாயப்பட்டறைகளின் கழிவுநீர்தான் தேங்கியது. தாத்தா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் துப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழிவுநீரை ஆற்றில் விடாமல் முழுவதும் சுத்திகரிக்க இயலாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே, ஒரு சட்டை பிள்ளையின் தோலுக்கு மென்மையாக இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வது எனக்குப் போதவில்லை. அதற்கு நிறமேற்றிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதும் தெரிய வேண்டியிருந்தது.

துணியிலிருந்தே தொடங்குகிறேன். நான் பார்த்தவற்றுள் முதலிடம் பெறும் பொருள் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது என் மாமனாரின் பழைய வேட்டி. பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் முதலில் உடுத்த வேண்டும் என்ற வழக்கத்தை நான் வெறும் சம்பிரதாயமாகவே நினைத்திருந்தேன். "கஞ்சி போகாத துணி பிள்ளை மேல படக்கூடாது, அம்முணி" என்று அத்தை சொன்னபோதுதான் அதன் பொருள் விளங்கியது. தறியில் பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி போடுகிறார்கள். வெளுக்கவும் நிறமேற்றவும் மடிப்பு நிற்கவும் வேறு பல பொருள்கள் சேர்கின்றன. நூறு முறை துவைத்துக் காய்ந்த வேட்டியில் இவற்றில் எதுவும் மிச்சமிருக்காது. அதற்காகப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை, சாயம் காய்ச்ச வேண்டியதில்லை. நான்கு வேட்டிகளை முழச் சதுரங்களாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறோம்.

புதிதாக வாங்கியதில் எனக்கு முழு நிறைவு தந்தது சர்வோதய சங்கத்துக் காதிக் கடையில் எடுத்த மல் துணி. நிறமேற்றாதது என்று கேட்டு, ஐந்து மீட்டர் வாங்கினேன். கையால் நூற்றுக் கையால் நெய்த துணி என்பதால் இழை ஒரே சீராக இல்லை, ஆங்காங்கே முடிச்சுத் தட்டுகிறது. ஆனால் நான்கு துவைப்புக்குப் பிறகு அது அடைந்த குழைவு, இரண்டு மடங்கு விலையில் பெட்டிக்குள் அடைத்து விற்கப்படும் பிறந்த குழந்தைக்கான போர்வைத் துணிக்கு வரவில்லை. உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்து, பக்கவாட்டில் நாடா கட்டும் ஜப்லா ஆறு தைத்துக்கொண்டோம். கழுத்தில் பொத்தான் உறுத்தாது. பிள்ளை வளர்ந்தாலும் நாடாவைத் தளர்த்திச் சில மாதங்கள் கூடுதலாகப் போடலாம்.

ஆயத்த ஆடைகளில் ஆர்கானிக் பருத்தி என்று அச்சிடப்பட்டவை ஏராளமாக இருக்கின்றன. அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நம் நாட்டில் விளையும் பருத்தியில் மிகப் பெரும்பகுதி 2002-இல் அனுமதிக்கப்பட்ட, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி. ஆர்கானிக் பருத்தி அதனுடன் கலக்காமல் வயலிலிருந்து தையற்கூடம்வரை வந்து சேர்ந்ததா என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது சரிபார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சான்றுகளில் ஜி.ஓ.டி.எஸ். எனப்படும் உலகளாவிய ஆர்கானிக் துணித் தரநிலை முக்கியமானது. நூலிழையில் 95 சதவீதமாவது சான்று பெற்றிருந்தால்தான் அதன் முத்திரையோடு ஆர்கானிக் என்ற சொல்லைத் தனித்துப் போடலாம். 70 சதவீதம் முதல் இருந்தால், இத்தனை சதவீதம் ஆர்கானிக் இழையால் ஆனது என்று மட்டுமே குறிப்பிடலாம். நொய்யல் கரையில் பிறந்தவர்களுக்கு இதைவிட முக்கியமானது, சாயமேற்றும் ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயங்க வேண்டும் என்றும் இந்தச் சான்று நிபந்தனை விதிக்கிறது என்பதே.

முத்திரையின் அருகில் சான்று வழங்கிய நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பின் பொதுத் தரவுத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஒரு பெரிய கடையில் ஆர்கானிக் என்று பலகை மாட்டியிருந்த அடுக்கிலிருந்து ஐந்து சட்டைகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டில் மட்டுமே எண் இருந்தது, அதில் ஒன்றுதான் தரவுத்தளத்தில் கிடைத்தது. விற்பனைப் பெண்ணிடம் கேட்டபோது, எல்லாம் ஒரே சரக்குதான் என்று சொன்னார். சட்டத்தில் இதற்கு இடமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இயற்கையானது, ஆர்கானிக், சூழலுக்கு உகந்தது போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. சான்று இருந்தாலும் கவனம் தேவை என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2020-இல் இந்தியாவில் போலி ஆவணங்களைக் கொண்டு சாதாரணப் பருத்தி 20,000 டன் ஆர்கானிக் என்று விற்கப்பட்டதை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டறிந்து, தொடர்புடைய நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. மோசடியைத் தானே தேடிக் கண்டுபிடித்து வெளியில் சொன்ன அமைப்பு என்பதால், என் நம்பிக்கை குறையாமல் சற்றுக் கூடவே செய்தது.

ஓக்கோ-டெக்ஸ் 100 என்ற முத்திரையைப் பலர் ஆர்கானிக் சான்றாகவே எண்ணுகிறார்கள். பருத்தி எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது; முடிந்த துணியில் தீங்கான வேதிப்பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்பதைத்தான் சோதிக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான முதல் வகுப்பில் வரம்புகள் மிகவும் கடுமையானவை, எச்சில் பட்டாலும் சாயம் போகக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. எதையும் வாயில் வைக்கும் வயதுக்கு இது உண்மையிலேயே பயன்படும் சோதனை. திருப்பூர்க் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய குழந்தை ஆடைகளைத் துழாவியபோது, இந்த முத்திரை உள்ள மூன்று சட்டைகள் மலிவாகக் கிடைத்தன. ஏற்கெனவே தைத்து முடித்து, வாங்குவாரின்றிக் கிடக்கும் சரக்கை எடுப்பதும் நல்ல தேர்வுதான் என்று நினைக்கிறேன்.

மூங்கில் துணியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டால் பட்டுப்போல் இருக்கிறது என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மூங்கிலை நேரடியாக நூலாக்குவது மிக அரிது. பெரும்பாலும் மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து இழையாக இழுக்கிறார்கள். அப்படிக் கிடைப்பது ரேயான். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2009 முதலே இதை மூங்கில் என்று விற்காமல், மூங்கிலிலிருந்து எடுத்த ரேயான் என்றே குறிப்பிட வேண்டும் என்று வலியுறுத்தி, மீறிய பெருநிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்திருக்கிறது. நான் வரவழைத்த போர்வையின் பெட்டியில் நூறு சதவீதம் மூங்கில் என்றும் தானே நுண்ணுயிரைக் கொல்லும் என்றும் எழுதியிருந்தது. இரண்டுக்கும் ஆதாரம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இனி, மிகுந்த நேரம் எடுத்துக்கொண்ட டயப்பர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பரின் மேற்பரப்பு பாலிப்ரொப்பிலீன், அடிப்பரப்பு பாலித்தீன், நடுவில் மரக்கூழும் நீரை உறிஞ்சிக் கூழாகும் சோடியம் பாலிஅக்ரிலேட்டும். ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு என்று வைத்தாலும், இரண்டரை ஆண்டில் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. எங்கள் பகுதிக் குப்பை போய்ச் சேரும் இடம் வெள்ளலூர்க் கிடங்கு. பயன்படுத்திய டயப்பரைச் சுற்றி எறிய உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. நான் பிரித்துப் பார்த்த நான்கு பொட்டலங்களில் ஒன்றில்கூட உறை இல்லை. மக்கும் டயப்பர் என்ற பெயரில் இரண்டு மடங்கு விலைக்கு வருபவற்றையும் பார்த்தேன். உரமாக மக்கும் பிளாஸ்டிக் என்று இந்தியாவில் சொல்ல வேண்டுமானால் ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட வேண்டும், அதுவும் தொழிற்சாலை அளவிலான உரக்கூடத்து வெப்பத்தில் மக்குவதைக் குறிக்கிறது. குப்பைமேட்டில் புதைந்த டயப்பருக்கு அந்த வெப்பம் கிடைக்காது. பெட்டியில் தரநிலை எண்ணும் இல்லை. அந்தக் கூடுதல் விலைக்கு ஈடாக எதையும் காண முடியவில்லை என்பதால் வாங்கவில்லை.

துணி டயப்பரில் மூன்று வகைகளைச் சோதித்தேன். அக்கா வீட்டில் பகலில் ஏற்கெனவே புழங்கிவரும் லங்கோடு முதல் வகை. இரண்டாவது, பை போன்ற வெளியுறைக்குள் மைக்ரோஃபைபர் திண்டைச் செருகுவது. மூன்றாவது, வெளியுறையின் மேல் பல அடுக்குப் பருத்தித் திண்டைப் பொத்தானால் பொருத்துவது. இவற்றைச் சூழலுக்கு உகந்தவை என்று விற்பவர்கள் பெரிய எழுத்தில் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: வெளியுறை என்பது பாலியுரித்தேன் பூசிய பாலியெஸ்டர், மைக்ரோஃபைபர் என்பதும் பாலியெஸ்டரே. துவைக்குந்தோறும் அதிலிருந்து நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலக்கும். வெளியுறையை இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன். திண்டு மட்டும் பருத்தியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்ததில், நிறமேற்றாத ஆர்கானிக் பருத்தித் திண்டு முதல் துவைப்புக்குப் பின் ஏறத்தாழ 90 மில்லி தண்ணீரைத்தான் பிடித்தது. பருத்தியின் இயற்கையான மெழுகும் எண்ணெயும் போகாததே காரணம். ஆறாவது துவைப்புக்குப் பின் அதே திண்டு 160 மில்லிவரை பிடித்தது. வாங்கிய அன்றே போட்டுப் பார்த்துவிட்டு ஒழுகுகிறது என்று குறைசொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மைக்ரோஃபைபரும் 140 மில்லி பிடித்தது, ஆனால் கையால் அழுத்தியதும் பிடித்ததை வெளியே விட்டது. தவழும் பிள்ளை உட்காரும்போது நடப்பதும் அதுவே என்று அக்கா சொன்னாள். உலர்வதில் மைக்ரோஃபைபர் முந்துகிறது. நல்ல வெயிலில் அது இரண்டு மணி நேரத்தில் காய்ந்தால், பருத்தித் திண்டுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது, ஐப்பசி மழைநாளில் மறுநாள்வரை ஈரம் போவதில்லை. திண்டைத் தைத்துவிடாமல் விரிக்கும் வகையில் மடித்துவைத்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குறை பாதியாகக் குறைகிறது. துணியை மென்மையாக்கும் திரவங்களை ஊற்றக் கூடாது, இழையில் படலம் படிந்து உறிஞ்சும் திறன் போய்விடும்.

துவைக்கும் தண்ணீரையும் மின்சாரத்தையும் கணக்கிட்டால் துணி டயப்பரால் பயன் உண்டா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டரை ஆண்டுக்கு எறியும் டயப்பரால் ஏறத்தாழ 550 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றமும், துணி டயப்பரால் 570 கிலோவும் ஆகின்றன என்று கணித்தது. அதாவது, சராசரிப் பழக்கத்தில் துணிக்கு எந்த வெற்றியும் இல்லை. ஆனால் இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் உலர்த்தி, இரண்டாம் பிள்ளைக்கும் அதையே பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறைகிறது என்றும், மின் உலர்த்தியில் போட்டால் வெளியேற்றம் மிகவும் கூடுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மொட்டை மாடியும் வெயிலும் உள்ள எங்கள் வீட்டுக்கு இது சாதகமான கணக்கு. தண்ணீரைப் பொறுத்தவரை, முதல் அலசலை வாளியிலும் முக்கியத் துவைப்பை இரண்டு நாளுக்கு ஒருமுறை இயந்திரத்திலும் செய்வதாகத் திட்டமிட்டிருக்கிறோம்.

அக்கா வீட்டு அனுபவத்தில் துணி டயப்பர் தோற்ற இடம் இரவு. ஏழு மாதப் பிள்ளை தொடர்ந்து எட்டு மணி நேரம் தூங்கும்போது, இரண்டு திண்டு வைத்தும் விடியற்காலையில் ஒழுகிற்று. தொடையிடுக்கில் சிவந்தும் போயிற்று. அதனால் இரவுக்கும் பயணத்துக்கும் எறியும் டயப்பர் ஒன்று என்று அவள் வைத்துக்கொண்டாள். பிரசவம் முடிந்து தூக்கமில்லாமல் இருக்கும் ஒரு பெண்ணிடம் அதுவும் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாளுக்கு ஆறு என்பது ஒன்றாகக் குறைவதே பெரிய மாற்றம். நான் பன்னிரண்டு பருத்தித் திண்டும் ஐந்து வெளியுறையும் இருபது லங்கோடும் வைத்திருக்கிறேன், செலவு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. ஈரத்துடைப்பான் வாங்கவில்லை. அவற்றிலும் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலப்பு உண்டு. வேட்டித் துண்டும் வெந்நீரும் அந்த வேலையைச் செய்யும்.

விளையாட்டுப் பொருள் இப்போதைக்கு அவசியமில்லை என்றாலும், மைசூர் போய்வந்தபோது, மரப்பொம்மைக்குப் பெயர்பெற்ற சன்னபட்டணத்தில் இறங்கி ஒரு கிலுகிலுப்பை வாங்கினோம். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறுவதைப் பார்க்கவே அழகாக இருந்தது. பெயின்ட் போல் உரிந்து வராத அந்தப் பூச்சுதான் இதன் சிறப்பு. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. எனவே முத்திரை இல்லை என்பதால் கைவினைப் பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். என்ன நிறம், எங்கே செய்தது என்று கடைக்காரரிடம் கேட்பதுதான் நம் கையில் இருக்கும் சோதனை. சாலையோரத்தில் அதே பெயரில் இயந்திரத்தில் செய்து பளபளக்கும் பெயின்ட் அடித்தவையும் கிடைக்கின்றன. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளை என் சித்தி அனுப்பியிருக்கிறார். மிகவும் நேர்த்தியானவை, ஆனால் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிறியவை என்பதால் மூன்று வயதுவரை அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கும்.

பால் புட்டி வாங்கவில்லை. தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றையும் புட்டிகளையும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் இல்லாதது என்று பெருமையாக அச்சிட்ட புட்டிகளைக் கண்டால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2015-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 14625 தரநிலை, பி.பி.ஏ.-வைக் கொண்டு செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைப் பால் புட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. சட்டப்படி எல்லோரும் செய்ய வேண்டியதற்குத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. கறந்தெடுத்த தாய்ப்பாலைப் புகட்ட நேர்ந்தால் எவர்சில்வர் பாலாடை இருக்கிறது. மூக்கு இடுக்கில் அழுக்குத் தங்காது, கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவமனைகளிலும் அதைக்கொண்டுதான் புகட்டுகிறார்கள். அம்மா எனக்குப் புகட்டிய பாலாடை நெளிந்திருந்தாலும் நன்றாகவே இருக்கிறது.

இயற்கையானது என்பதற்காகவே ஏற்க முடியாதவையும் உண்டு. வசம்பு வளையல் இப்போது ஆர்கானிக் என்ற அட்டையோடு அழகாக விற்கப்படுகிறது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968 முதலே உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. பிள்ளை கையைச் சூப்பும்போது வளையலும் வாய்க்குள் போகும். அத்தைக்கு இது முதலில் வருத்தமாக இருந்தது, மருத்துவர் நேரில் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். பவுடரும் மையும் கடலை மாவும் எங்கள் பட்டியலில் இல்லை.

தூளிக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை தயாராக இருக்கிறது. பகலில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே அதைப் பயன்படுத்துவோம். ஏனென்றால், பிள்ளையை உறுதியான சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்றே குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இரவுக்காக, மரத்தொட்டிலும் தலையணைகளும் சேர்ந்த பதினெட்டாயிரம் ரூபாய்த் தொகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பினோம். கோரைப்பாயின் மேல் பவானி ஜமுக்காளம், அதன் மேல் இழுத்து விரித்த வேட்டி என்பதே எங்கள் ஏற்பாடு. தலையணை இல்லை. இலவம்பஞ்சு மெத்தை எனக்குப் பிடித்த பொருள்தான், ஆனால் உள்வாங்கும் மெத்தை பிறந்த பிள்ளைக்கு ஆகாது.

வளைகாப்புக்கு வந்தவர்களிடம், வாங்குவதாக இருந்தால் மல் துணியோ லங்கோடோ போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். சிலர் தங்கள் பிள்ளைகள் போட்டு வளர்ந்த சட்டைகளையே துவைத்து மடித்துக் கொண்டுவந்தார்கள், எனக்கு அது மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. அக்கா, தன் மகளுக்குச் சிறியதாகிப்போன இரண்டு வெளியுறைகளைக் கொடுத்தாள். அவற்றின் எலாஸ்டிக் தளர்ந்திருந்தது. ஜப்லா தைத்த அதே தையற்காரர் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். புதிதாக வாங்கிய ஐந்தோடு அந்த இரண்டும் இப்போது மருத்துவமனைப் பையில் இருக்கின்றன.